சென்னை, லண்டன் சகாக்களுடன் ஸ்லாக்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் கொவிட் கட்டுப்பாடுகள் தொடங்கியபோது வேறு வழியின்றி, பணியிடக் குழுக்கள் செய்தி பரிமாறும் செயலியான ஸ்லாக்குக்கு மாறிய எங்கள் மென்பொருள் குழு, அலுவலகம் திறந்த பிறகும் அதை விடவில்லை; ஏனெனில் குழுவில் பாதிப் பேர் இங்கும், மற்றவர்கள் சென்னையிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

செயலியின் வசதிகளைவிட, அதில் எப்படி எழுதுவது என்று நாங்கள் வகுத்துக்கொண்ட வழக்கமே அதிகம் கைகொடுத்தது. சென்னை எங்களுக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே காலை பத்து மணிக்கு வேலை தொடங்கும்போது நாங்கள் மதிய உணவுக்கு எழுந்திருப்போம். “அண்ணே, ஒரு சந்தேகம்” என்று மட்டும் வந்து நிற்கும் செய்திக்கு, “சொல்லுங்கள்” என்று பதில் போவதற்குள் கேட்டவர் வேறு கூட்டத்தில் இருப்பார். அதிலேயே ஒரு பிற்பகல் கரைந்துவிடும். இப்போது அதே கேள்வி, “அண்ணே, பணம் திருப்பித் தரும் பக்கத்தில் தொகை இருமுறை கழிகிறது, திரைப்பிடிப்பை இணைத்துள்ளேன், சிங்கப்பூர் நேரம் ஐந்து மணிக்குள் யாரும் மறுக்காவிட்டால் பழைய பதிப்புக்கே மாற்றிவிடுகிறேன்” என்று முழுமையாக வருகிறது. யாருடைய நேரம் என்று குறிப்பிடுவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று லண்டன் தன் கடிகாரத்தை மாற்றும்போது, நாமும் இந்தியாவும் மாற்றுவதில்லை என்பதால், எங்களுக்கும் லண்டனுக்கும் இடையிலான எட்டு மணி நேர வித்தியாசம் ஏழாகவும் ஏழு எட்டாகவும் மாறிவிடுகிறது.

மூன்று முறை எழுதியும் தெளிவு பிறக்காவிட்டால், 2021இல் அறிமுகமான ‘ஹடில்’ குரல் அழைப்பில் பேசிவிடுகிறோம். பேசி முடித்ததும் எடுத்த முடிவை அதே உரையாடல் இழையில் இரண்டு வரிகளில் எழுதுவது அழைத்தவரின் பொறுப்பு.

இன்றும் தீராத குறை தனிச் செய்திதான். குழுவினர் எல்லோரும் பார்க்கும் பொதுச் சேனலில் கேட்டால் பெரியவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்கி, புதியவர்கள் ஒருவரிடம் மட்டும் தனியாகக் கேட்கிறார்கள். மூத்தவர்களே தங்கள் எளிய சந்தேகங்களையும் அங்கே கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தயக்கம் ஓரளவு தளர்ந்தது. இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது என்பதால், சிறு குழுக்கள் முக்கிய முடிவுகளைத் தனி ஆவணத்தில் சேர்த்துவைப்பது நல்லது. கட்டணம் செலுத்தும் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.