வைட்டமின் ஈ–செலினியம் திரவம்: மருந்து தேறியது, சொட்டுக்குழல் தேறவில்லை

கழுத்து திருகிக்கொண்ட கோழிக்குஞ்சுக்கு என்று தேடினால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது வைட்டமின் ஈயும் செலினியமும் கலந்த திரவ மருந்தைத்தான். நானும் அதையே வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்த வகை மருந்து பலவும் ஏறத்தாழ ஒரே கலவைதான்.

குஞ்சின் பெயர் கருப்பி. இறக்கையில் அப்போதுதான் இறகு முளைத்துக்கொண்டிருந்தது. தலை இடப்பக்கம் திரும்பி, உச்சந்தலை தரையைத் தொட்டு, ஒரு கண் மேலே பார்த்தபடி நிற்கும். முன்னால் போக நினைத்தால் பின்னால் போகும், இரண்டடி வைத்துக் கவிழும். தீவனத்தைக் கொத்தினால் அலகு ஒரு விரல் தள்ளிப் போய் விழும். பசி மட்டும் குறையவே இல்லை.

அட்டைப்பெட்டியில் ‘எல்லா நரம்புக் கோளாறுகளுக்கும்’ என்று போட்டிருக்கிறார்கள். இது கொஞ்சம் அதிகம். வைட்டமின் ஈ குறைந்தால் குஞ்சின் சிறுமூளை வீங்கி, அதில் இரத்தம் கசியும். பெரும்பாலும் 2 முதல் 4 வார வயதில் வரும். அதற்கு இந்த மருந்து சரி. தலை பின்னால் மடங்கி முதுகில் ஒட்டி, வானத்தைப் பார்த்தபடி குஞ்சு உட்கார்ந்திருந்தால் தயமின், அதாவது பி1 குறைபாட்டை முதலில் சந்தேகிக்க வேண்டும். கால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் பி2. இந்த இரண்டுக்கும் வேண்டியது பி வைட்டமின்கள். இந்தப் பாட்டிலில் அவை கிடையாது. சில்கி, போலிஷ் போன்ற, தலையில் இறகுக் கொண்டை உள்ள கோழிகள் பலவற்றுக்கு மண்டையோடு உச்சியில் சரியாக மூடாமல் இருக்கும். வேறொரு கோழி அங்கே ஒரு கொத்து கொத்தினாலே கழுத்து திருகிவிடலாம். வெள்ளைக்கழிச்சல் கிருமியாலும் கழுத்து திருகும். ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகளுக்கு வந்தாலோ, மூச்சில் கரகரப்பும் பச்சைக் கழிச்சலும் சேர்ந்தாலோ பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வைரசை வைட்டமின் ஒன்றும் செய்யாது.

என்னுடைய முக்கியமான குறை அளவு எழுதியிருக்கும் விதத்தில்தான். ‘குடிநீரில் கலந்து கொடுக்கவும்’ என்று மட்டும் இருக்கிறது. ஒரு கொட்டகை நிறையக் கோழி வைத்திருப்பவருக்கு அது சரி. கழுத்து திருகிய குஞ்சு தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டுபிடித்து, அலகை நனைத்து, தலையைத் தூக்கி விழுங்க வேண்டுமே! அதில் பாதி கூட அதனால் முடியாது. யாருக்கு மருந்து அதிகம் தேவையோ அந்தக் குஞ்சுதான் மிகக் குறைவாகக் குடிக்கும். தனிக் குஞ்சுக்கு எடைப்படி எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்த அளவை நான் மருத்துவரிடம்தான் கேட்டு வாங்கினேன்.

குத்துமதிப்பாக ஊற்றவும் முடியாது, காரணம் செலினியம். குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 0.15 மில்லிகிராம் இருந்தாலே போதும் என்கிற அளவுக்கு நுண்ணிய சத்து அது, கூடினால் நஞ்சு. ‘இன்னும் சரியாகவில்லை, இன்னொரு முறை கொடுப்போம்’ என்று கை நீளக் கூடாது. வைட்டமின் ஈ மட்டும் கூட்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், மனிதர்களுக்கான வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்தி அந்த எண்ணெயைக் கொடுக்கலாம். அதில் செலினியம் இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சொட்டுக்குழலுக்கு வருவோம். அளவுக்கோடு கிடையாது. திரவம் கெட்டியாக இருப்பதால் ரப்பரை அழுத்தினால் முதலில் ஒன்றும் வராது, அப்புறம் மொத்தமாக ஒரு கட்டி விழும். குஞ்சின் மூச்சுக்குழல் வாய் நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது; கட்டியாக விழுந்தது உள்ளே போனால் அவ்வளவுதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சுக்கு மாறினேன். குஞ்சை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்து, தலையை இரண்டு விரலால் தாங்கினால் போதும், நேராக்கத் திருகாதீர்கள். அலகின் ஓரத்தில், மேலலகும் கீழலகும் சேரும் கோட்டில் ஒரு சொட்டு. அது உள்ளே ஊறிப் போகும், கருப்பி நாக்கைச் சப்புக் கொட்டி விழுங்கும், தொண்டை ஏறி இறங்குவது தெரியும். பிறகு அடுத்த சொட்டு.

பலன்? இருந்தது, மெதுவாக. முதலில் கொத்துவது குறிக்கு வந்தது. அப்புறம் சும்மா இருக்கும்போது கழுத்து நேராக நிற்கும், பூனை சத்தம் கேட்டால் மறுபடி திருகும். அந்தப் பயத்திருகல் கடைசியாகத்தான் போனது. முழுப் பெருமையும் பாட்டிலுக்கே என்று சொல்ல மாட்டேன். பழைய தீவனத்தை மாற்றினேன். தீவனத்தின் கொழுப்பு காறிப்போனால் அதில் இருக்கும் வைட்டமின் ஈயும் அழிந்துவிடும். பி வைட்டமின் தனியாகக் கொடுத்தேன். இரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் ஓடிக்கொண்டிருந்தால் பி1 கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். அந்த மருந்து தயமினை முடக்கித்தான் கிருமியைப் பட்டினி போடுகிறது. மற்றவை கொத்தாமல் இருக்கத் தனிப் பெட்டி, கவிழாமல் இருக்க இரு பக்கமும் சுருட்டிய துணி, குழைத்த தீவனத்தை ஆழமான கிண்ணத்தில். இரவில் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். காலியாக இருந்தால் கையால் ஊட்டல். குஞ்சு பிழைப்பது பாதி இந்த ஊட்டலில்தான்.

பாட்டில் கருநிறத்தில் இருப்பது நல்ல விஷயம், வெளிச்சம் படாது. மூடி இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய்க்கை வழுக்கும், துணி வைத்துத் திறக்க வேண்டும். தண்ணீரில் கலந்தால் அன்றைக்கே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும் என்பதையும் அவர்கள் எங்கும் எழுதவில்லை.

கோடு போட்ட ஒரு சிரிஞ்சைப் பெட்டிக்குள் போட்டால் மறுபடி இதையே வாங்குவேன். போடாவிட்டாலும் வாங்குவேன், சிரிஞ்சுதான் என்னிடம் இருக்கிறதே.