இனப் பாகுபாடு: எந்தக் கோட்பாடு எவ்வளவு தூரம் வரும்?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டேவா பேஜர் என்ற சமூகவியலாளர் நடத்திய சோதனை 2003-இல் வெளியானது. ஒரே மாதிரி தகுதிகளைக் காட்டி இளைஞர்கள் சிலர் வேலை கேட்டுப் போனார்கள். குற்றப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீத இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது. அதே நிலையில் இருந்த கறுப்பினத்தவருக்கு 14. சிறைக்குப் போய்வந்ததாகச் சொன்ன வெள்ளையருக்கே 17! சமூகவியல் கோட்பாடுகளை உரசிப் பார்க்க எனக்கு இது போதும்.

சமூகத்தை ஓர் உடம்பைப்போல் பார்ப்பது செயற்பாட்டுவாதம். எந்த ஏற்பாடும் ஏதோ ஒரு வேலையைச் செய்வதால்தான் நீடிக்கிறது என்கிறது. யாருக்கு வேலை செய்கிறது என்று கேட்டால் தடுமாறும். காலப்போக்கில் எல்லாரும் கலந்துவிடுவார்கள் என்ற சமூகவியலாளர் ராபர்ட் பார்க்கின் எதிர்பார்ப்பும் இங்கே உதவாது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்கிறவர்கள் இன்னும் எவ்வளவுதான் கலக்க வேண்டும்?

முரண்பாட்டுக் கோட்பாடு நேராக லாபக் கணக்கைக் கேட்கிறது. உழைப்பைச் சுரண்டத்தான் இனவெறி வளர்ந்தது என்று 1948-இல் எழுதினார் சமூகவியலாளர் ஆலிவர் காக்ஸ். 1930-களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடங்களில் கறுப்பினத்தவர் பகுதிகளுக்கு, 'இங்கே கடன் கொடுப்பது ஆபத்து' என்று சிவப்பு நிறம் பூசப்பட்டதையும் இந்தப் பார்வை நன்றாக விளக்கும். ஆனால் ஒரு முடிச்சு: லாபம்தான் குறி என்றால், குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்போது முதலாளி ஏன் கறுப்பினத்தவரை விரட்டுகிறார்? கறுப்பினச் சமூகவியலாளர் டுபாய்ஸ் 1935-லேயே இதைத் தொட்டுவிட்டார். வெள்ளைத் தொழிலாளிக்குச் சம்பளம் குறைவுதான். ஆனால் 'நான் மேலே' என்ற மதிப்பும் கூலியோடு சேர்ந்து கிடைத்தது என்றார். என் ஓட்டு அவருக்குத்தான்.

குறியீட்டு ஊடாட்டவாதிகள் மனிதர்கள் நேருக்கு நேர் சந்திக்கும் கணத்தைப் பார்க்கிறார்கள். அதில் ஹெர்பர்ட் புளூமர் கொஞ்சம் தனி. வெறுப்பு தனிமனிதரின் மனக்கோணல் அல்ல, 'எங்கள் கூட்டத்தின் இடம் இது' என்ற உணர்வு என்று 1958-இல் சொன்னார். விண்ணப்பத்தை வாங்கி ஓரமாக வைக்கும் கையை இது காட்டும். அந்த இடத்தை முதலில் பங்கிட்டது யார் என்பதற்கு மறுபடி டுபாய்ஸிடம்தான் போக வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். பேஜர் அனுப்பியவர்கள் எல்லாரும் ஆண்கள். ஜெனரல் மோட்டார்ஸ்மீது கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கில், இனம், பாலினம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க நீதிமன்றம் 1976-இல் மறுத்தது. கறுப்பின ஆண்களுக்கு ஆலையில் வேலை இருந்தது, வெள்ளைப் பெண்களுக்கு அலுவலகத்தில். 1989-இல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இந்த வழக்கைக் கையில் எடுத்தபோதுதான், நடுவில் விடுபட்டவர்களைப் பற்றிப் பேச 'குறுக்குவெட்டுத்தன்மை' (intersectionality) என்ற ஒரு சொல்லே கிடைத்தது.