‘நைஸ்’ என்ற சொல்லைத் தேடியபோது: ஒரு சொற்பிறப்பு அகராதித் தளம்

ஆங்கிலச் சொற்களின் பிறப்பை அறிய விரும்புவோருக்கு, டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்து இணையத்தில் கட்டணமின்றி வழங்கும் ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி’யைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அதன் தரத்தை அறிய, எல்லோர் வாயிலும் புழங்கும் ‘நைஸ்’ என்ற ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தாலே போதும்.

‘அறியாத’ என்று பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, அது ‘மூடத்தனமான’ என்ற வசையாகவே இருந்தது. பிறகு கோழைத்தனம், எதிலும் குறைகாணும் குணம், மென்மை, நுணுக்கம் என்று நகர்ந்து, 1769இல் ‘இனிய’ என்றும் 1830இல் ‘அன்பான’ என்றும் பொருள் தரத் தொடங்கியது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் காலம் குறிக்கப்பட்டிருப்பதால், வசை ஒரே தாவலில் பாராட்டாக மாறிவிடவில்லை என்பதும், அஞ்சுபவர் தயங்குவார், தயங்குபவர் ஒவ்வொன்றையும் ஆராய்வார் என்பதுபோல அடுத்தடுத்த பொருள்களுக்கிடையே ஓர் உறவு இருந்தது என்பதும் படிப்பவருக்குத் தாமாகவே புலப்படுகின்றன. ‘நெஸ்கியுஸ்’ என்பதற்குள் இருக்கும், அறிதலைக் குறிக்கும் ‘ஸ்கிரே’ என்ற லத்தீன் வினையைப் பின்தொடர்ந்தால், அதே வேரிலிருந்து ‘சயின்ஸ்’ பிறந்திருப்பதைக் காணலாம். அறியாமைக்கும் அறிவியலுக்கும் ஒரே தாய் என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

குறை என்றால், ஒவ்வொரு பொருளுக்கும் அந்தந்தக் காலத்து வாக்கியங்கள் வரிசையாகத் தரப்படாததைச் சொல்லலாம். 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் ‘நைஸ்’ எந்தப் பொருளில் வருகிறது என்று தீர்மானிப்பதே கடினம். அங்கே மூல வாக்கியங்கள்தாம் துணை. அவற்றுக்கு, 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியையே நாட வேண்டும். அதன் இணையப் பதிப்புக்குச் சந்தா தேவை.

மாவை நைஸாக அரைப்பதும், ஒருவர் நைஸாக நழுவுவதும் தமிழில் அன்றாடப் பேச்சு. முதலாவதில் மென்மை, நுண்மை என்ற பழைய ஆங்கிலப் பொருளின் சாயல் இருக்கிறது; இரண்டாவது ஆங்கிலத்தில் இல்லாதது. ஆங்கிலத்துக்கான அகராதி இதைப் பதியும் என்று எதிர்பார்க்க முடியாது. நம் அகராதித் தொகுப்பாளர்கள் இதே போன்ற கால வரிசையுடன் இதைத் தொடர்ந்து எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.