லாரிக்கு கூகுள் மேப்ஸ்: 5க்கு 3

நெரிசல் காட்டுவதில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் இதில் கார் உண்டு, பைக் உண்டு, லாரி கிடையாது. உயரம், எடை கேட்காது. 40 அடி ஹை கியூப் (உயரம் கூடிய கன்டெய்னர்) பெட்டியே 2.9 மீட்டர் உயரம், டிரெய்லர் தளத்தையும் சேர்த்தால் 4.4 மீட்டரை ஒட்டி வரும். அதைத் தாழ்வான ரயில்வே சப்வேக்குள் கூசாமல் அனுப்பும். நகருக்குள் கனரக வண்டிக்குத் தடையுள்ள நேரமும் அதற்குத் தெரியாது.

எண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு என்றால் சேருமிடத்தை மட்டும் போட்டு விடாதீர்கள். மீஞ்சூர், நெமிலிச்சேரி, நசரத்பேட்டை மூன்றையும் இடைநிறுத்தங்களாகச் சேர்த்தால் சென்னை வெளிவட்டச் சாலையை விட்டு விலகாது. 9 நிறுத்தம் வரை இடம் உண்டு. மேப்பை நன்றாகப் பெரிதாக்கி, நிறுத்தத்தைக் குறிக்கும் பின்னை (pin) நீங்கள் போகும் பக்கத்து மெயின் ரோட்டிலேயே குத்துங்கள். சர்வீஸ் ரோட்டிலோ எதிர்ப்பக்கத்திலோ விழுந்தால் இறங்கி யூ டர்ன் அடிக்கச் சொல்லும். லோடு டிரெய்லருக்கு அது பெரிய தலைவலி.

'டோல் தவிர்' அணைந்திருக்கிறதா பாருங்கள். அது காட்டும் நேரம் கார் கணக்கு, மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஆஃப்லைன் மேப் வழி சொல்லும், நெரிசல் சொல்லாது. மழை நாளில் சப்வே நிலவரத்துக்கு இதை நம்பவே வேண்டாம், போக்குவரத்து காவல்துறை அறிவிப்பைப் பாருங்கள்.