பைக் மேப் ஆப்: ராமநாதபுரம் கடற்கரையில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

காசு கட்டி வாங்கும் பைக் மேப் ஆப்களில் பாதி, வளைவுகளைத்தான் விற்கின்றன. ஜெர்மனியில் உருவான கலிமோட்டோ, குர்விகர் இரண்டும் நேர் ரோட்டை ஒதுக்கிவிட்டு, நெளிந்து போகும் ரோடாகப் பார்த்து வழி போட்டுத் தருவதில் பெயர் வாங்கியவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தேடிப் போகிறவருக்கு அந்தக் காசு தகும். தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று இறங்கும் ஈசிஆரில் அதற்கு என்ன வேலை? தரை தட்டை, ரோடு நேர். இங்கே 'வளைவு அதிகம்' என்று வைத்தால் ஆப் கிராமத்துத் தெருக்களிலும் கண்மாய்க் கரைகளிலும் வழி போட ஆரம்பிக்கும். இந்தப் பக்கம் நெளிந்து கிடப்பவை அவைதான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கலிமோட்டோ, குர்விகர் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம். இலவசமாகக் கிடைக்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் இரண்டுக்கும் அதே படம்தான். வாலிநோக்கம் பக்கம் ஒரு ரோடு அந்தப் படத்தில் இல்லையென்றால் காசு கட்டினாலும் வராது. சந்தா கட்டுவது வழி போடும் கணக்குக்கும், குரல் வழிகாட்டலுக்கும், இன்ன பிற வசதிகளுக்கும்தான். இதைப் புரிந்துகொண்டு பார்த்தால் இந்தக் கடற்கரைக்கு முடிவெடுப்பது சுலபம்.

தினசரி ஓட்டத்துக்கு கூகுள் மேப்ஸின் டூவீலர் மோடு போதும். 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் ஊருக்குள் கூட்டம் நெருக்கும்போது எந்தத் தெரு சிவப்பாகக் கிடக்கிறது என்று காட்ட, நேரடிப் போக்குவரத்துத் தகவல் உள்ள ஆப் வேண்டும். ஆஃப்லைன் ஆப்களிடம் அது கிடையாது. மேப்பில்ஸும் இலவசம்தான். மேப்மைஇந்தியா என்ற நம் நாட்டு நிறுவனத்தின் சொந்தப் படம் என்பதால், கூகுளில் சந்தேகம் வரும் இடத்தை ஒத்துப் பார்க்க உதவும். வேகத்தடை எச்சரிக்கையும் தருகிறது.

கூகுளில் தேடும்போது ஊர்ப் பெயரில் கவனம் வேண்டும். ஏர்வாடி என்று அடித்தால் தர்கா உள்ள நம் ஏர்வாடியும் வரும், திருநெல்வேலி மாவட்டத்து ஏர்வாடியும் வரும். ராமநாதபுரம் என்று கோயம்புத்தூரில் ஒரு பகுதியே இருக்கிறது. கிளம்பும் முன் கிலோமீட்டரை ஒரு தடவை பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். இதற்குப் பக்கத்தில்கூட இல்லாத எண் வந்தால் வேறு ஊரைத் தொட்டிருக்கிறீர்கள்.

கூகுளின் ஓட்டை ஆஃப்லைனில் தெரியும். படத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம்: புரொஃபைல் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ் போய், வடக்கே தொண்டி, மேற்கே பரமக்குடி, தெற்கே சாயல்குடி, கிழக்கே அரிச்சல்முனை வரை கட்டத்துக்குள் அடங்கும்படி இழுத்து இறக்குங்கள். ஆனால் டவர் இல்லாதபோது அது தருவது கார் வழிதான். நடைவழி இல்லை, நெரிசல் தகவல் இல்லை, மாற்று வழியும் இல்லை. வெளியூர்க்காரர் உப்பளத்துக்குப் பின்னால் உள்ள ஒரு குடியிருப்பைத் தேடிப் போகும்போது இது பத்தாது.

அங்கே ஆஸ்மாண்ட் கைகொடுக்கும். இலவசப் பதிப்பில் 7 படங்கள்வரை இறக்கலாம் என்று வரம்பு உண்டு. தமிழ்நாடு முழுவதும் ஒரே படமாகக் கிடைப்பதால் இந்த ஊர்க்காரருக்கு அந்த வரம்பு எளிதில் இடிக்காது. இறக்கியதும் செட்டிங்கில் மோட்டார் சைக்கிள் புரொஃபைலை இயக்குங்கள். வழித் தேர்வில் மண் ரோட்டைத் தவிர்க்கும் தேர்வை 'ஆன்' செய்யுங்கள். அதோடு நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. ரோடு தாரா மண்ணா என்று யாராவது வரைபடத்தில் குறித்திருந்தால்தான் ஆப்புக்குத் தெரியும். குறிக்காத ரோட்டை நல்ல ரோடாகவே எடுத்துக்கொண்டு உள்ளே விட்டுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது வினையாக முடியும். கண்மாய்க் கரை களிமண் டயரில் அப்பி, முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, நாலு சுற்றில் வீலை இறுக்கிவிடும். அப்புறம் குச்சியை விட்டு நோண்டினால்தான் பைக் நகரும். மழைக்காலத்தில் ஆப் காட்டும் குறுக்கு வழியைச் சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் நெருக்கி, நடுவில் வெளிர்ப் பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் அது மண் கரை. ஐந்து கிலோமீட்டர் சுற்றினாலும் தார் ரோட்டிலேயே போங்கள்.

அடுத்து ஜிபிஎக்ஸ், அதாவது போட்டு வைத்த வழியைச் சேமிக்கும் கோப்பு. காசு ஆப்களை நியாயப்படுத்தப் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். ராமநாதபுரம், திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி என்று நீங்களே போட்ட வழியை அப்படியே பின்தொடர வேண்டும். கூகுளில் ஆரம்ப இடமும் கடைசி இடமும் மட்டும் கொடுத்தால் சேதுக்கரையை விட்டுவிட்டு ஈசிஆரில் இழுத்துக்கொண்டு போகும். நடுவே நிறுத்தங்களைச் சேர்க்கலாம், அதிகபட்சம் 9. ஜிபிஎக்ஸ் கோப்பை உள்ளே கொடுத்து வழிகாட்டச் சொல்ல முடியாது. ஆர்கானிக் மேப்ஸ் அந்தக் கோப்பைக் கோடாகக் காட்டும், திருப்பம் திருப்பமாகச் சொல்லாது. ஆஸ்மாண்டோ இலவசப் பதிப்பிலேயே அந்தக் கோட்டின் மேல் குரலில் வழி சொல்லும்.

கோப்பை ஏற்றுமதி செய்யும்போது 'டிராக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், 'ரூட்' வேண்டாம். டிராக்கில் போகும் கோடு முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். ரூட்டில் சில இடங்கள் மட்டும் இருக்கும். இடைப்பட்ட வழியை ஒவ்வொரு ஆப்பும் தன் கணக்குக்குப் போட்டுக்கொள்ளும். ஒரே கோப்பு இரண்டு பேர் போனில் இரண்டு வழி காட்டுவதும், கூட்டமாகக் கிளம்பியவர்கள் கீழக்கரையில் பிரிந்து போவதும் இதனால்தான்.

தனுஷ்கோடிப் பக்கம் வேறு கதை. 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. ஒரே ரோடு, திருப்பமே கிடையாது. ஒரு பக்கம் பெண் கடல் என்கிற வங்கக் கடல், மறுபக்கம் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா. மேப்பை அணைத்துவிட்டு ரோட்டைப் பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் தெற்கிலிருந்து வரும் மணல், தாரின் மேல் மெல்லிய நாக்கு போல நீண்டு கிடக்கும். வேகத்தோடு அதில் ஏறிப் பிரேக் பிடித்தால் முன் வீல் வழுக்கும். எந்த ஆப்பும் இதை எச்சரிக்காது. பாம்பன் பாலத்துப் பக்கவாட்டுக் காற்றும் அப்படியே.

முனைப் பக்கம் டவர் மெலிவதோடு, போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்'கிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தையே கையால் தேர்ந்தெடுங்கள். டவர் தேடித் தேடியே பேட்டரி இறங்கும் என்பதால் ஏரோபிளேன் மோடிலும் போடலாம், ஜிபிஎஸ் நிற்காது. ஹெல்மெட் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்க வேண்டும். பெட்ரோலை ராமேஸ்வரம் ஊருக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்தால் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் வசதியைச் சில ஆப்கள் சந்தாவுக்குள் வைத்திருக்கின்றன. தகவல் போக டவர் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். தனியாக நெடுஞ்சாலையில் இரவோட்டம் அதிகம் என்றால் வாங்கலாம், மறுக்கவில்லை. கூட்டமாகப் போகும்போது யார் எங்கே என்று பார்க்க மட்டும் காசு கட்டாதீர்கள். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 8 மணி நேரம்வரை போட்டு வைக்கலாம்.

இந்தக் கடற்கரையில் காசு போக வேண்டியது போனை ஹேண்டில்பாரில் பிடித்து வைக்கும் மவுண்டுக்கும் சார்ஜருக்கும். என்ஜின் அதிர்வு போன் கேமராவின் நிலைநிறுத்தும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த மவுண்டாக வாங்குங்கள். ஐபோனுக்கு 35 டிகிரி வரைதான் ஏற்ற சூழல் வெப்பம் என்று அவர்கள் சொல்கிறார்கள். சித்திரை மதியம் மண்டபம் ரோட்டில் அந்த எல்லை எளிதாகத் தாண்டும். முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று கழற்றாதீர்கள், போன் தன்னைக் காத்துக்கொள்கிறது. கவரைக் கழற்றி, திரையை அணைத்து, குரலை மட்டும் வைத்து ஓட்டினால் சூடு தணியும்.

உப்புக் காற்று சார்ஜர் முனையைத் தின்னும். பின்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டினால் சார்ஜ் விட்டு விட்டு ஏறும். மூடி உள்ள சாக்கெட்டாகப் பொருத்தி, ஃபியூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும்படி வயரிங் செய்யச் சொல்லுங்கள். கடலோரம் போய் வந்த அன்றே முனையை உலர்ந்த துணியால் துடையுங்கள். வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு போன் கிடந்தால் சிம் இல்லாமலே அதில் ஆஸ்மாண்டைப் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிவிடலாம். நல்ல போன் பாக்கெட்டில் பத்திரமாக இருக்கும்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு மட்டும் ஓட்டாதீர்கள். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் வழி பார்ப்பதற்குப் போனை அனுமதிக்கிறது, கவனம் சிதறக் கூடாது என்ற நிபந்தனையோடு.

மலைப் பயணம் வரும்போது கலிமோட்டோ, குர்விகர் மாதிரி ஒன்றை எடுக்க நினைத்தால் குறைந்தபட்சக் காலத்துக்கு மட்டும் எடுங்கள். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் தானாகப் பணம் பிடிக்கும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் புரொஃபைல் படம், பேமெண்ட் மற்றும் சந்தாக்கள், சந்தாக்கள் என்று உள்ளே போய் ரத்து செய்ய வேண்டும். சோதனையைத் தொடங்கிய அன்றே செய்துவிடுங்கள்.