ஆகாயத்தாமரைக்கு மருந்தா, பூச்சியா?

தென்னாப்பிரிக்காவில் கரும்புத் தோட்டத்துக் குட்டையைக்கூட 'டேம்' என்றுதான் சொல்கிறோம். டர்பனுக்கு வடக்கே, கடலோரத்து டோங்காட் பக்கம் எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. ஓடும் ஆறாக இருந்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும் ஆகாயத்தாமரை (வாட்டர் ஹயசின்த் என்ற மிதக்கும் களை), கரை போட்டுத் தேக்கிய நீரில், அதுவும் வயல் உரம் வந்து சேரும் நீரில், இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். பிரிட்டோரியா பக்கத்து மேட்டுநிலத்தில் இருக்கும் பெரிய ஹார்ட்பீஸ்பூர்ட் அணையே எழுபதுகளிலிருந்து இதோடு மல்லுக்கட்டுகிறது. சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டியதும் நிலத்துக்காரர்தான்.

கையால் அள்ளுவது சிறு குட்டைக்குச் சரி. இடுப்பு தாங்காது.

பக்கத்து நிலத்தில் என் மைத்துனர் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தை அடித்தார். மூன்று வாரத்தில் எல்லாம் கருகியது. பார்க்கப் பொறாமையாக இருந்தது. பிறகு செடி மூழ்கி அழுகியதில் ஆக்சிஜன் போய், ஒரு காலையில் திலாப்பியா மீன்கள் வெள்ளை வயிற்றோடு மிதந்தன. மொத்தமாக அடிக்காமல் பகுதி பகுதியாக அடித்திருந்தால் தப்பியிருக்கலாம். அது மருந்தின் குற்றமில்லை. ஆனால் சேற்றில் கிடக்கும் விதை 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மேலே மூடியிருந்த செடி போனதும் வெயில் பட்டு முளைக்கிறது. ஆண்டுதோறும் அவர் மருந்து வாங்குகிறார். கணக்கு எனக்கு இடித்தது இங்கேதான்.

நான் இந்தச் செடியைத் தின்னும் பூச்சியை விட்டேன். 1974 முதல் இந்த நாட்டில் விடப்படும் கூன்வண்டும், 2013இல் வந்த தத்துப்பூச்சியும். ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டுப்பாட்டு மையம் இவற்றைப் பெருக்கி வளர்க்கிறது. முதல் ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை; மைத்துனர் சிரித்தார். அடுத்த கோடையில் இலையைத் திருப்பினால் நகத்தால் சுரண்டியதுபோலப் பழுப்புத் தழும்புகள், காம்புக்குள் புழு குடைந்த பாதை. இப்போது கால்வாசிதான் மூடியிருக்கிறது. முழுக்க ஒழியாது, ஒழியவும் வேண்டாம். மிச்சச் செடியில்தான் பூச்சி குடியிருக்கிறது.

ஹார்ட்பீஸ்பூர்ட்டில் குளிர்காலம் பூச்சியை வாட்டும்; எங்கள் கடலோரத்தில் உறைபனி இல்லை, அது எனக்குச் சாதகம். அந்த இரண்டு ஆண்டும் மேல்வயலில் உரத்தையும் குறைத்திருந்தோம். பாதிப் புகழ் அதற்குப் போக வேண்டுமோ என்னவோ, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பம்பு வாய் அடைத்துப் பயிர் வாடும் அவசரத்தில் இருப்பவர் மருந்தே அடிக்கட்டும். ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டுவைத்தால், பிறகு பூச்சிக்கு இடம் இருக்கும்.