கல்லூரி வளாகத்தில் டிஜிட்டல் வசதி: குமரி மாவட்டத்துக்கு எது ஒத்துவரும்?

டிஜிட்டல் வளாகம் என்றதும் நிர்வாகங்கள் முதலில் கொட்டேஷன் வாங்குவது ஸ்மார்ட் போர்டுக்குத்தான். எங்கள் கருத்தில் முதல் பணம் பிளாக்குகளுக்கு இடையே மண்ணுக்கு அடியில் புதைக்கும் கேபிளுக்குப் போகவேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் இது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேரத்து இடி தனி. வேறு ஊர் கல்லூரியில் நன்றாக ஓடுகிற ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதல் மழையிலேயே பழுது தொடங்கிவிடும்.

பிளாக்குக்குப் பிளாக்: செம்பா, காற்றா, கண்ணாடியா?

கணினிகளை இணைக்கும் கேட் 6 செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர் என்பது எல்லாருக்கும் தெரியும். 80 மீட்டர்தானே, இழுத்துவிடலாம் என்று நினைப்பதில்தான் வில்லங்கம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். அருகில் எங்காவது இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு எகிறும். அது சமன்படத் தேடும் வழி இந்தச் செம்புக் கம்பிதான். இரு முனையிலும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் கேபிள் செருகும் போர்ட்டுகள் கருகும். முழுசாகச் செத்தால்கூடப் பரவாயில்லை. பாதி உயிரோடு இருக்கும் போர்ட் விளக்கு எரிந்தபடியே இணைப்பை விட்டுவிட்டுத் துண்டிக்கும். கோளாறைத் தேடியே நாட்கள் போகும். திடீர் மின்னழுத்த எழுச்சியை வடிக்கும் சர்ஜ் அரெஸ்டர் போட்டால் ஆபத்து குறையும், தீராது. ஆகவே செம்பு கட்டடத்துக்குள் மட்டும்.

வயர்லெஸ் பிரிட்ஜ், அதாவது இரு கட்டடங்களை ஆன்டெனா மூலம் காற்றுவழி இணைப்பது, கவர்ச்சியானது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு 2018 முதல் உரிமம் வேண்டாம், கருவிக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் ஒப்புதல் இருந்தால் போதும். ஒரே நாளில் மாட்டிவிடலாம். மழை இதைக் கெடுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரு வளாகத்துக்குள் இருக்கும் தூரத்தில், இந்த அலைவரிசையில், மழைத்துளி பெரிய பிரச்சினை இல்லை. கெடுப்பது நனைந்த இலை. 300 மீட்டர் இணைப்பில் நேர்க்கோட்டைச் சுற்றி, நடுப்பகுதியில் எல்லாப் பக்கமும் சுமார் 2 மீட்டர் காலியாக இருக்கவேண்டும். தென்னை மட்டை காற்றில் ஆடி அதற்குள் வந்தாலே வேகம் சரியும்.

மேற்குப் பகுதிக் கல்லூரிகள் கவனிக்கவேண்டியது ரப்பர் மரம். டிசம்பர் தொடங்கி பிப்ரவரிக்குள் ரப்பர் இலை உதிர்க்கும். அந்த நேரத்தில் சோதித்துப் பார்த்தால் சிக்னல் அருமையாக வரும். புது இலை தழைத்து, மழையில் நனைந்த பிறகு அதே இணைப்பு படுத்துவிடும். ஜூன், ஜூலையில் சோதிக்காமல் பில் பாஸ் செய்யாதீர்கள். முட்டம், குளச்சல் போன்ற கடலோரமானால் கம்பமும் கிளாம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சாதாரண ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட்டை உப்புக்காற்று தின்றுவிடும்.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அந்த ஒரு குணத்துக்காகவே பிளாக்குகளை இணைக்கும் முதுகெலும்பு ஃபைபராக (கண்ணாடி இழைக் கேபிளாக) இருக்கவேண்டும் என்கிறோம். சிங்கிள் மோடு (நீண்ட தூரத்துக்கும் ஏற்ற இழை வகை), 12 கோர் (12 இழை) எடுங்கள். இன்றைக்குத் தேவை இரண்டு கோர்தான்; ஆனால் குழி தோண்டும் கூலியோடு பார்த்தால் கூடுதல் கோரின் விலை சிறியது. கவசக் கேபிளில் எஃகுப் பட்டை இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அதை எர்த் செய்யாவிட்டால், இடியை மறுபடியும் உள்ளே அழைத்துவருகிறோம். உலோகமே இல்லாத கேபிளை எச்.டி.பி.இ. எனும் கெட்டி பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுவது இன்னும் பாதுகாப்பு. பெருச்சாளிக்கும் குழாய்தான் பதில்.

ஆழம் 75 சென்டிமீட்டராவது இருக்கட்டும். கேபிளுக்கு 30 சென்டிமீட்டர் மேலே எச்சரிக்கை டேப், திருப்பங்களில் அடையாளக் கல், அலுவலகச் சுவரில் வரைபடம். புது பிளாக்குக்கு அஸ்திவாரம் தோண்டவரும் ஜேசிபிக்கு இது மட்டும்தான் வேலி. குழாயின் இரு வாயையும் அடைக்காவிட்டால் மழைநீர் நிரம்பி, சேறு இறுகி, அடுத்த கேபிளை உள்ளே தள்ளமுடியாது.

ஒப்பந்ததாரரிடம் எல்லாக் கோர்களுக்கும், 1310, 1550 நானோமீட்டர் ஒளி அலைநீளம் இரண்டிலும் ஓ.டி.டி.ஆர். (ஒளியை அனுப்பி, இழையில் எங்கே இழப்பு என்று காட்டும் கருவி) அறிக்கை கேளுங்கள். 1550-ல் மட்டும் இழப்பு கூடினால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது. பெரும்பாலும் கருவிகளை அடுக்கும் ரேக்குக்குள் கேபிள் டை போட்டு இறுக்கிய இடமாகவே இருக்கும், தளர்த்தினாலே சரியாகும்.

சாலைக்கு அந்தப் பக்கம் விடுதி இருந்தால் மட்டும் வயர்லெஸ். சாலையைத் தோண்ட அனுமதி வரும்வரை விடுதிப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை.

பாடத் தளம்: மூடிலா, கூகுள் கிளாஸ்ரூமா?

இரண்டும் பாடத்தையும் பயிற்சியையும் இணையவழி நடத்த உதவும் மென்பொருள்கள். இதில் மென்பொருளின் தரத்தைவிட, யார் பார்த்துக்கொள்வார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மூடில் இலவசம், திறந்த மூலம், தமிழ் இடைமுகமும் உண்டு. வினா வங்கி, தேர்வு, மதிப்பெண் பகுப்பாய்வு மூன்றிலும் கிளாஸ்ரூம் அதன் பக்கத்தில் வராது. பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலைப்பக்கத்து மாணவர்களுக்கு இன்னொரு வசதி: மூடில் செயலியில் கல்லூரி வைஃபையில் பாடத்தை இறக்கிக்கொண்டு, வீட்டில் சிக்னல் இல்லாமலே படிக்கலாம்.

சிக்கல் வருவது உள்மதிப்பீட்டுத் தேர்வு நாளில். தேர்வுப் பக்கம் நிமிடத்துக்கு ஒருமுறை விடைகளைத் தானாகச் சேமிக்கும். 300 பேர் எழுதினால் அதற்கு மட்டும் நொடிக்கு 5 கோரிக்கை. எல்லாரும் ஒரே நொடியில் தொடங்கும்போது சர்வர் திணறும். சேமிப்பு இடைவெளியை 2 நிமிடமாக்குங்கள், ஒரு பக்கத்துக்கு ஐந்து வினா வையுங்கள், துறைவாரியாக ஐந்து நிமிட இடைவெளியில் தொடங்குங்கள். புது சர்வர் வாங்காமலே பாதிப் பிரச்சினை தீரும். பேக்கப் என்றால் தரவுத்தளம், மூடில் டேட்டா கோப்புறை, அமைப்பு விவரங்கள் உள்ள கான்ஃபிக் கோப்பு மூன்றும் சேர்ந்தது. தரவுத்தளத்தை மட்டும் எடுத்துவைத்தால் மீட்டபின் மாணவர்கள் சமர்ப்பித்த கோப்புகள் இருக்காது.

கிளாஸ்ரூமுக்கு சர்வரும் வேண்டாம், அதைக் காக்க ஆளும் வேண்டாம். தகுதியுள்ள கல்வி நிறுவனத்துக்கு 100 டெராபைட் பொதுச் சேமிப்போடு இலவசம். முழுநேர சிஸ்டம் அட்மின் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கமுடியாத கல்லூரி தயங்காமல் இதை எடுக்கலாம். கணினித் துறை உதவிப் பேராசிரியரின் தலையில் மூடிலைக் கட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம். தன்னாட்சிக் கல்லூரி, சொந்தத் தேர்வுப் பிரிவு இருக்கிறது என்றால் மூடில். அட்மினை நியமித்த பிறகு.

வருகைப்பதிவு

கைரேகைக் கருவி மழைக்காலத்தில் படுத்தும். ஈர விரலைப் படிக்கத் தடுமாறும். ஒருவருக்கு 4 நொடி என்றாலும் ஆயிரம் பேருக்கு ஒரு கருவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 நிரம்பாதவர் குழந்தை என்பதையும் நினைவில் வையுங்கள். முதலாமாண்டில் பலர் அந்த வயதுக்காரர். கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம், ரேகையை மாற்றமுடியாது. மாணவர்களிடம் அதை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான நிலை. க்யூ.ஆர். குறியீடு படமாக வாட்ஸ்அப்பில் பறந்து, பேருந்தில் வருபவருக்கும் வருகை விழும். 10 நொடிக்கொருமுறை மாறினால்தான் ஓரளவு தாங்கும். கார்டு, நூலகத்துக்கும் வாசலுக்கும் நல்லது. வகுப்பில் நண்பன் தேய்த்துவிடுவான். ஆசிரியர் தன் போனில், வராதவர் பெயரை மட்டும் தொட்டுப் பதிவதுதான் மலிவும் நம்பகமும்.

திரை

75 அங்குல ஸ்மார்ட் போர்டுப் பேனலின் உயரம் சுமார் 93 சென்டிமீட்டர். சாதாரண எழுத்தைச் சிரமமின்றி வாசிக்க, திரை உயரத்தின் ஆறு மடங்குக்குள் உட்காரவேண்டும். அதாவது ஐந்தரை மீட்டர். 9 மீட்டர் ஆழமுள்ள பழைய வகுப்பறையில் பின்வரிசைகளுக்கு அது அலங்காரப் பொருள். அங்கே 120 அங்குலப் படம் விழும் புரொஜெக்டரே சரி. பூஞ்சை பிடிக்காமலிருக்க விடுமுறையிலும் வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள். ஆய்வகம், சிறு முதுகலை வகுப்புக்குப் பேனல்.

கரண்ட்

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபின் மாவட்டத்தின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. முழு வளாகத்துக்கும் பெரிய யு.பி.எஸ். வாங்குவதா, நெட்வொர்க்குக்கு மட்டும் தனியாகச் சிறியதா என்று கேட்டால் இரண்டாவது. மையச் சுவிட்ச், இணைய ரவுட்டர், சர்வர் மூன்றும் ஒரு ஆன்லைன் யு.பி.எஸ்.ஸில் (கரண்ட் போனாலும் நொடிகூட இடைவெளியின்றி மின்சாரம் தரும் வகை), அதற்கு ஜெனரேட்டர் வழியும் சோலார் ஹைபிரிட் வழியும் தனிக் கேபிளில். எர்த் குழியை மழைக்காலத்தில் அளந்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும். மண் காய்ந்து கிடக்கும் மார்ச்சில் அளந்து, கோடை இடி தொடங்குமுன் குறையைச் சரிசெய்யுங்கள்.